வில்லி விழும்போது கைதட்டுகிறேன், நான் கெட்டவளா?

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் ஏழு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றிவிட்டு, அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 42. உதவிபெறும் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக, இரவு பாத்திரம் கழுவி அடுப்படியைத் துடைத்த பிறகு பத்தரை மணிக்குக் கைபேசியோடு உட்கார்ந்தால், ஒன்று, ஒன்றரை மணிவரை கொரியத் தொடர்கள் பார்க்கிறார். காதல் கதைகளில் அவருக்கு ஈடுபாடு இல்லை. பழிவாங்கும் கதைகள்தான் வேண்டும். ‘தி க்ளோரி’யில் தொடங்கி, ‘பெண்ட்ஹவுஸ்’ தொடரின் மூன்று சீசன்களையும் முடித்து, பழைய ‘டெம்ப்டேஷன் ஆஃப் வைஃப்’ தொடரின் 129 பகுதிகளையும் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டார். வில்லி மாட்டிக்கொள்ளும் காட்சி வந்தால் தன்னையறியாமல் கைதட்டுகிறார். அதைவிட அவரை உறுத்துவது, பாவப்பட்ட கதாநாயகியைவிட அந்த வில்லிகளைத்தான் அவர் அதிகம் ரசிக்கிறார் என்பது. “இதையெல்லாம் பார்த்துப் பார்த்து உன் மனசே விஷமாகிவிட்டது” என்கிறார் கணவர். பதின்மூன்று வயது மகளும் விடுமுறை நாட்களில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில்தான் விஷயம் திறக்கிறது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், மாமியார் நோயில் படுத்திருந்தபோது அவருடைய இரட்டை வடச் சங்கிலி காணாமல் போனது. கணவரின் அண்ணன் மனைவி, அதாவது இவருடைய ஓரகத்தி, உறவினர்கள் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் இவர்மேல் பழி போட்டு, கைப்பையைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். பையில் எதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் பேச்சு இன்றுவரை துடைக்கப்படவில்லை. ஆறு மாதங்களுக்கு முன் ஓர் உறவுக்காரப் பெண் வழியாக ஓர் அடகுச் சீட்டின் படம் இவருடைய கைபேசிக்கு வந்தது. சங்கிலி காணாமல் போன அதே மாதத் தேதி, ஓரகத்தியின் பெயர்.

அடுத்த மாதம் அந்த ஓரகத்தியின் மகளுக்கு நிச்சயதார்த்தம். மண்டபத்தில் பெரிய திரை வைத்துப் பெண்ணின் சிறுவயதுப் படங்களை ஓடவிடப் போகிறார்கள். அந்தப் படங்களைத் தொகுத்துத் தரும் வேலையை, கணினி தெரிந்தவர் என்பதால், இவரிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். படங்களுக்கு நடுவே அடகுச் சீட்டையும் சேர்த்துவிட்டால் என்ன? அதற்கு முன்னால் ஓரகத்தி வீட்டு அடுப்படியில் கைபேசியைப் பதிவில் போட்டு மறைத்து வைத்து, அவர் வாயாலேயே உண்மையை வாங்கிவிட்டால் என்ன? “இத்தனை நாள் தொடர் பார்த்துத்தான் என் கோபத்தைத் தணித்துக்கொண்டிருக்கிறேன், இனி ஒருமுறை நிஜமாகவே தீர்த்துவிட்டால் நிம்மதி வந்துவிடும்” என்று எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல்முறை, படத்தொகுப்பு வேலை உங்கள் கைக்கே வந்து சேர்ந்த இடத்தில் எனக்கே மூச்சு ஒரு கணம் நின்றது. கொரியக் கதாசிரியர்கள் இப்படி ஒரு திருப்பத்துக்காகப் பத்துப் பகுதிகளைச் செலவழிப்பார்கள். உளவியல் ஆலோசகர் என்ற முறையில் இதைச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் உங்களுக்கு ஏற்பட்ட சபலத்தின் வேகம் எனக்குப் புரிகிறது என்பதை முதலில் சொல்லிவிட்டால், பிறகு சொல்லப்போவதைக் காதுகொடுத்துக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ரசிப்பதில் குற்றமில்லை

நீங்கள் பார்ப்பது போன்ற தொடர்களைக் கொரியாவில் ‘மக்ஜாங்’ என்பார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் அதற்குமேல் போக வழியில்லாத கடைக்கோடிக்கு உரிய சொல் அது. பிறப்பு ரகசியம், கள்ள உறவு, இறந்தவர் திரும்பி வருதல், கன்னத்தில் அறை, கண்ணாடிக் கோப்பை உடைதல் என்று கதை எல்லை தாண்டிப் போகும்போது ‘இதற்குமேல் கீழே போக இடமில்லை’ என்ற ஏளனத்தில் அந்தப் பெயரை வைத்தார்கள். 2009இல் கொரிய அரசு நிலக்கரிக் கழகத்தின் தலைவர் இதற்கு எதிர்ப்புத் தெரிவித்தார். சுரங்கத்தின் அந்தக் கடைசி முனையில் தொழிலாளர்கள் உயிரைப் பணயம் வைத்து உழைக்கிறார்கள், அந்த இடத்தின் பெயரை இழிசொல்லாக்காதீர்கள் என்பது அவருடைய முறையீடு. அவர் சொன்னது நியாயமே. ஆனால் சொல் நிலைத்துவிட்டது. நாடே ஏளனம் செய்துகொண்டு, நாடே உட்கார்ந்து பார்த்த தொடர்கள் அவை. ஆகவே வெட்கத்தோடு ரசிப்பது உங்களுக்கு மட்டும் வாய்த்த நோய் என்று எண்ண வேண்டாம்.

இந்தச் சுவை தொலைக்காட்சியோடு வந்ததும் இல்லை. கொரியாவை ஆண்ட ஜோசன் அரச மரபின் காலத்து ‘ஜாங்ஹ்வா, ஹோங்ரியோன்’ என்ற அக்காள் தங்கை கதையில், சிற்றன்னை தோலுரித்த எலி ஒன்றைப் படுக்கைக்குள் வைத்து, மூத்தவள் கருவைக் கலைத்துவிட்டாள் என்று பழி சுமத்துகிறாள். மூத்தவள் குளத்தில் தள்ளப்படுகிறாள். இளையவளும் அதே குளத்தில் போய் விழுகிறாள். பிறகு இருவரும் ஆவியாக வந்து ஊர் நடுவரிடம் முறையிட, கடைசியில் உண்மை வெளிப்பட்டுச் சிற்றன்னைக்குத் தண்டனை கிடைக்கிறது. செய்யாத குற்றத்துக்குப் பழி, அதற்கென்று தயாரிக்கப்பட்ட பொய்ச் சான்று, நெடுங்காலம் கழித்து வரும் விடுதலை. உங்கள் இரட்டை வடச் சங்கிலியின் கதைக்கும் இதற்கும் எலும்புக்கூடு ஒன்றே. அதனால்தான் இந்த வகைக் கதை உங்களைப் பிடித்து இழுக்கிறது.

வில்லி விழும்போது ஏன் மகிழ்ச்சி வருகிறது என்பதை டால்ஃப் ஸில்மன் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பார்வையாளர் கதைக்குள் ஒரு நீதிபதியைப் போல உட்கார்ந்திருக்கிறார் என்பது அவர் கண்டது. யாருக்கு நன்மை வர வேண்டும், யாருக்கு அடி விழ வேண்டும் என்று நாம் இடைவிடாமல் தீர்ப்பு எழுதிக்கொண்டே பார்க்கிறோம். நம் தீர்ப்பின்படி முடிவு அமைந்தால் நிறைவு வருகிறது. கொடுமையை ரசிக்கும் மனம் வேறு, நியாயம் கிடைக்கும்போது துள்ளும் மனம் வேறு. கதாநாயகி அடிபடும் காட்சிகளில் கைதட்டினீர்களா? “அந்த இடங்களைத் தள்ளிவிட்டுப் பார்ப்பேன்” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவருக்குச் சொல்ல அந்த ஒரு வரி போதும்.

வில்லியையே ரசிப்பது பற்றி: ‘பெண்ட்ஹவுஸ்’ தொடரில் சோன் சோ-ஜின் ஆக வரும் கிம் சோ-யோனை, மழையில் படிக்கட்டில் விழுந்து கிடக்கும் தந்தையைக் காப்பாற்றாமல் விட்டுவிட்டு வந்து பித்துப் பிடித்தவர்போலப் பியானோ வாசிக்கும் காட்சியில் பார்த்துவிட்டு, யாரால் ரசிக்காமல் இருக்க முடியும்? அந்தப் பாத்திரத்துக்காக 2021இல் அவருக்குப் பெக்சாங் விருது கிடைத்தது. 2020இல் ரெபெக்கா கிராஸ், டெரக் ரக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை, ஏதோ ஒரு விதத்தில் தங்களை ஒத்திருக்கும் கற்பனை வில்லன்கள்பால் மக்கள் ஈர்க்கப்படுகிறார்கள் என்று காட்டியது. நிஜத்தில் அப்படிப்பட்ட ஒருவரைக் கண்டால் விலகுவோம். கதை என்ற வேலி இருப்பதால் அருகில் போய்ப் பார்க்கிறோம். குடும்பத்தில் யார் மனமும் கோணாமல் இருபது ஆண்டு பேசிப் பழகிய ஒரு பெண்ணுக்கு, நினைத்ததை நினைத்த நொடியில் சொல்லிவிடும் சோ-ஜினைப் பிடிப்பதில் வியப்பு ஒன்றும் இல்லை. அவரிடம் நீங்கள் ரசிப்பது கொடூரத்தையா, அந்தத் தயக்கமின்மையையா என்று யோசித்துப் பாருங்கள்.

கோபம் தணிகிறதா, வளர்கிறதா?

முதல் கேள்வியில் நான் உங்கள் பக்கம். இரண்டாவதில் உங்களோடு உடன்பட முடியவில்லை.

கொரிய ரசிகர்கள் இரண்டு சொற்களை வைத்திருக்கிறார்கள். நல்லவர்கள் ஏமாந்துகொண்டே, வாயைத் திறக்காமலே இருக்கும் பகுதிகளைக் ‘கொகுமா’ என்பார்கள். அதாவது சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அவித்த கிழங்கைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் நெஞ்சில் அடைக்குமே, அந்த அடைப்பு. வில்லி மாட்டிக்கொள்ளும் காட்சிக்குப் பெயர் ‘சைடா’. எலுமிச்சை மணமுள்ள வெள்ளைச் சோடா. அடைத்தது கீழே இறங்கிவிடும். இந்தத் தொடர்களை எழுதுபவர்களின் கைத்திறன் முழுவதும் எத்தனை கிழங்குக்கு ஒரு மடக்குச் சோடா என்ற கணக்கில் இருக்கிறது. ஒரு பகுதி முடியும் இடத்தில் எப்போதும் கிழங்குதான் இருக்கும், சோடா அடுத்த பகுதியில். நீங்கள் ஒன்றரை மணிவரை விழித்திருப்பதற்கு மன பலவீனம் காரணமில்லை. அப்படி விழிக்க வைப்பதற்காகவே அது கட்டப்பட்டிருக்கிறது.

அந்த நெஞ்சடைப்புக்குக் கொரியாவில் நோய்ப் பெயரே உண்டு: ‘ஹ்வாப்யோங்’, நெருப்பு நோய். நெஞ்சில் பாரம், முகத்தில் திடீரென ஏறும் சூடு, தொண்டையில் உருண்டை நிற்பது போன்ற உணர்வு, அடிக்கடி வரும் பெருமூச்சு. ஆண்டுக்கணக்கில் அடக்கிவைத்த கோபமும் ‘எனக்கு அநியாயம் நடந்தது’ என்ற ஆற்றாமையும் இதன் வேர். நடுவயதுப் பெண்களிடம், குறிப்பாகக் கணவராலும் மாமியார் வீட்டாராலும் மனம் புண்பட்டவர்களிடம் மருத்துவர்கள் இதை அதிகம் கண்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலிலும் இது கொரியப் பண்பாட்டோடு இணைந்த நோயாக இடம்பெற்றது. நமக்கு வயிறு எரிகிறது, அவர்களுக்கு நெஞ்சு எரிகிறது. “ராத்திரி படுத்தால் மார்புமேல் அம்மிக்கல்லை வைத்ததுபோல் இருக்கிறது” என்று ஐந்தாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்குக் கீழே நான் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். முதலில் மருத்துவரிடம் காட்டி, இதயத்திலோ தைராய்டிலோ குறை எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். நாற்பதைத் தாண்டிய பெண்ணின் மார்புப் பாரத்தை மனக்கவலை என்று நானாகவே முடிவுகட்ட மாட்டேன்.

‘கோபத்தை எதிலாவது கொட்டித் தீர்த்துவிட்டால் தணிந்துவிடும்’ என்ற நம்பிக்கை பழையது, எளிமையானது. ஆனால் சோதனையில் அது நிற்கவில்லை. பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களின் கட்டுரையை வேண்டுமென்றே அவமானப்படுத்திக் கோபமூட்டினார்கள். பிறகு ஒரு பிரிவினரை, அவமானப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரை, உடற்பயிற்சியாக நினைத்துக் குத்தச் சொன்னார்கள். மூன்றாம் பிரிவினர் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஆளை நினைத்துக் குத்தியவர்களுக்கே கோபம் மிகுந்தது. வன்மம் எல்லாரிலும் குறைந்திருந்தது சும்மா உட்கார்ந்திருந்தவர்களிடம்.

உங்கள் நிலைமைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். தொடர் என்பது பை. பையைக் குத்துவதில் கேடில்லை. யார் முகத்தை அதில் ஒட்டிவைத்துக் குத்துகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் ஓராண்டு நீங்கள் பார்த்தது வேடிக்கைக்காக. “சிரித்துவிட்டுத் தூங்கிவிடுவேன்” என்பது உங்கள் வார்த்தை. அடகுச் சீட்டு வந்த பிறகு பார்த்தது வேறு விதம். ‘தி க்ளோரி’யின் வில்லி பார்க் யோன்-ஜின் திரையில் நிற்கிறார், உங்களுக்கு ஓரகத்தி தெரிகிறார். தொடர் முடிந்த பிறகும் விளக்கை அணைத்துவிட்டு, மண்டபத்தில் என்ன நடக்கும், யார் எழுந்து நிற்பார்கள், ஓரகத்தியின் முகம் எப்படி வெளுக்கும் என்று இரண்டு மணிவரை ஒத்திகை பார்க்கிறீர்கள். தொடரை நிறுத்தச் சொல்லி உங்கள் கணவர் கேட்கிறார். நான் அதைக் கேட்கவில்லை. அந்த ஒத்திகையை நிறுத்த வேண்டும். ஒட்டிய முகத்தைப் பையிலிருந்து எடுத்துவிட்டால், சோ-ஜின் மறுபடியும் வெறும் சோ-ஜினாக, பார்த்துச் சிரிக்கத் தக்கவராக ஆகிவிடுவார்.

மண்டபத்துத் திரை

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருகிறேன்.

பெரிய விருந்து, திடீரென ஒளிரும் திரை, கூட்டத்தின் மூச்சு நிற்பது எல்லாம் மக்ஜாங்கின் உயிர்நாடி. ஆனால் அந்தக் கதாநாயகிகள் நிஜக் கொரியாவில் இதைச் செய்திருந்தால், மறுநாள் காவல் நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 307ஆம் பிரிவுப்படி, சொன்னது உண்மையாகவே இருந்தாலும், ஒருவரின் நற்பெயரைப் பலரறியக் கெடுத்தால் இரண்டாண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கலாம். பொதுநலனுக்காக மட்டுமே சொல்லப்பட்ட உண்மைக்கு விலக்கு உண்டு. இந்தப் பிரிவு செல்லும் என்று 2021இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுப்படியில் ஒளித்து வைக்கும் பதிவுக் கருவி இன்னும் மோசம். தான் கலந்துகொள்ளாத பிறர் பேச்சை மறைவாகப் பதிவுசெய்தால் அங்கே ஓராண்டு முதல் பத்தாண்டு வரை சிறை. நம் நாட்டிலும் அவதூறு குற்றம்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. இங்கேயும் உண்மை என்பதோடு பொதுநன்மையும் சேர்ந்தால்தான் விலக்கு. ஒரு குடும்பத்துச் சங்கிலியில் பொதுநன்மையைக் காட்டுவது கடினம். நான் வழக்கறிஞர் இல்லை, இதன் நுணுக்கங்களை அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ‘உண்மையைத்தானே காட்டுகிறேன், என்னை யார் என்ன செய்ய முடியும்’ என்ற உங்கள் வாக்கியத்தை மட்டும் அடித்துவிடுங்கள்.

சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் சீட்டு. அது என்ன சொல்கிறது? அந்த மாதத்தில் உங்கள் ஓரகத்தி ஏதோ நகையை அடகு வைத்தார் என்கிறது. அதே சங்கிலி என்று சீட்டில் எழுதியிருப்பதாக நீங்கள் குறிப்பிடவில்லை. அதே சங்கிலியாகவே இருந்தாலும், அப்போது மாமியார் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தார், பணம் தண்ணீராய்ச் செலவானது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாமியாரே கழற்றிக் கொடுத்து, ‘பையன்களுக்குத் தெரிய வேண்டாம்’ என்று சொல்லியிருக்கலாம். பிறகு கேள்வி வந்தபோது ஓரகத்தி பயந்துபோய் உங்கள்மேல் திருப்பிவிட்டிருக்கலாம். அப்படியானாலும் உங்கள்மேல் பழி சுமத்தியது பெருங்குற்றமே, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ‘திருடி’ என்று நீங்கள் மண்டபத்தில் அறிவித்துவிட்டு, ‘அத்தைதான் கொடுத்தார்கள்’ என்று அவர் அழுதால், ஒன்பதாண்டுகளுக்கு முன் கூடத்தில் அவர் நின்ற இடத்தில் நீங்கள் நிற்பீர்கள். தொடர்களில் ஒரு சான்றுக்கு ஒரே பொருள்தான் இருக்கும். வீட்டுச் சான்றுகள் அப்படி வாய்ப்பதில்லை.

அந்தப் பெண்ணையும் நினைத்துப் பாருங்கள். சங்கிலி காணாமல் போனபோது அவளுக்குப் பதினாறு வயதுகூட ஆகியிருக்காது. ‘தி க்ளோரி’யில் கதாநாயகி மூன் டோங்-உன் தன் எதிரியின் மகளுக்கே வகுப்பாசிரியையாக வந்து சேர்கிறார். அந்தச் சிறுமி யே-சொல் வரும் காட்சிகளில் உங்களுக்குச் சங்கடமாக இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சங்கடத்தை நம்புங்கள். நிச்சயதார்த்தத் திரை ஒளிரும்போது மாப்பிள்ளை வீட்டார் முதலில் திரும்பிப் பார்ப்பது அவளைத்தான்.

‘ஒருமுறை தீர்த்துவிட்டால் நிம்மதி’ என்பதற்கும் ஆய்வுப் பதில் உண்டு. கெவின் கார்ல்ஸ்மித் என்ற உளவியலாளரும் வேறு இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டில் துரோகம் செய்த ஒருவரைத் தண்டிக்கச் சிலருக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. தண்டித்தால் மனம் ஆறும் என்றே இரு சாராரும் எண்ணினார்கள். உண்மையில் தண்டித்தவர்களின் மனநிலைதான் கெட்டிருந்தது, ஏனென்றால் அவர்கள் அந்த ஆளையே நினைத்துக்கொண்டிருந்தார்கள்; வாய்ப்புக் கிடைக்காதவர்கள் அவரை மறந்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஆய்வுகூட வேண்டாம், நீங்கள் ரசித்த தொடரே போதும். பதினெட்டு ஆண்டுத் திட்டம் பிசகாமல் நிறைவேறிய பிறகு டோங்-உன் எங்கே போகிறார்? மொட்டைமாடிக்கு, உயிரை விடுவதற்கு. இன்னொரு தாய் வந்து தடுத்து, தன் மகனைக் காப்பாற்றும்படி கேட்டதால்தான் பிழைக்கிறார். அந்தக் காட்சியைப் பற்றி ஏழு பக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை. வில்லி சிறையில் வானிலை அறிக்கை வாசிக்கவைக்கப்படும் காட்சி மட்டும் இரண்டு முறை வருகிறது.

கடிதத்தில் ஒரே ஒரு வரி

இரண்டாம் முறை படித்தபோதுதான் இதைக் கவனித்தேன். ஓரகத்தியைப் பற்றி மூன்று பக்கம். அவர் அன்று கட்டியிருந்த புடவையின் நிறம்கூட இருக்கிறது. உங்கள் கைப்பையிலிருந்து தரையில் விழுந்தவை இருக்கின்றன: பேருந்துச் சீட்டு, மகளுடைய சளி மருந்து, பாதி தேய்ந்த பென்சில். அதற்கு அடுத்து ஒரு வரி: “அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.” அவ்வளவுதான். உடனே மறுபடியும் ஓரகத்திக்குப் போய்விடுகிறீர்கள்.

அந்த ‘அவர்’ உங்கள் கணவர்.

மக்ஜாங் தொடரில் தீமை உரக்கப் பேசும், உடனே அடையாளம் தெரியும். பேசாமல் இருந்தவர்களுக்கு அதில் பெரும்பாலும் வேடம் இல்லை. ‘தி க்ளோரி’ அந்த வகையில் கொஞ்சம் மேலானது. டோங்-உன் கணக்குத் தீர்ப்பது பள்ளி நாளில் தனக்குச் சூடு வைத்தவர்களோடு மட்டும் இல்லை. முறையிட்டபோது அவளையே அறைந்த வகுப்பாசிரியர், பணத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்ட பெற்ற தாய் இருவரும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். காயத்தைப் போட்டது வேறு யாரோ, ஆறவிடாமல் செய்தது பக்கத்தில் இருந்தவர்கள் என்பதை அந்தத் தொடர் அறிந்திருந்தது.

உங்கள் கணவரை இனி வில்லனாக்குங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்மா படுக்கையில், அண்ணியின் குரல் உயர்கிறது, அண்ணன் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அந்த வீட்டில் வளர்ந்த இளைய மகனுக்கு இலையைப் பார்த்தபடி குனிந்திருப்பது மட்டுமே தெரிந்திருக்கலாம். வெட்கம் அவருக்கும் இருக்கலாம். நீங்கள் தொடர் பார்க்கும்போதெல்லாம் அவர் எரிச்சல்படுவதற்குக்கூட, அதில் ஒவ்வொரு முறையும் தன்னைக் குத்திக்காட்டும் ஏதோ ஒன்றைக் கேட்பது காரணமாக இருக்கலாம். இது என் ஊகம். ஊகம் சரியா என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே, அவரிடம் ஒன்பதாண்டுகளாக நீங்கள் கேட்கவில்லை.

செய்யக்கூடியவை

படத்தொகுப்பு வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அலுவலகத்தில் வேலை நெருக்கடி என்று சொன்னால் போதும். சபலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் அதனோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியமில்லை. அடுப்படியில் கைபேசி வைக்கும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள்.

இந்த வாரத்திலேயே, மகள் தூங்கிய பிறகு, கணவரிடம் அந்தச் சீட்டைக் காட்டுங்கள். “உங்கள் அண்ணி என்ன செய்தார் பாருங்கள்” என்று தொடங்கினால் பேச்சு அண்ணியைப் பற்றியதாகிவிடும், அவர் பழையபடி இலையைப் பார்ப்பார். “அன்றைக்கு நீங்கள் ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு இத்தனை ஆண்டு இப்படி இருந்திருக்காது” என்று தொடங்குங்கள். அதற்கு அவர் உடனே பதில் சொல்லாமல் இருக்கலாம். அன்றிரவே தீர்வு வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நிச்சயதார்த்தம் முடிந்து ஒரு மாதம் போகட்டும். பிறகு கணவர், அவருடைய அண்ணன், அன்று கூடத்தில் இருந்த பெரியவர்களில் நீங்கள் மதிக்கும் ஒருவர், ஓரகத்தி என்று நால்வரை வைத்துப் பேசலாம். பேச்சைத் தொடங்குவது உங்கள் கணவராக இருந்தால் நல்லது. கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: சங்கிலியை நீங்கள் எடுக்கவில்லை என்பதை, அன்று கேட்டவர்களிடம் அவர் சொல்ல வேண்டும். நகை எங்கே, பணம் என்ன ஆயிற்று என்ற கணக்கெல்லாம் கிளம்பினால் உங்கள் விஷயம் அதில் மூழ்கிப்போகும். அவர் மறுக்கலாம், அழலாம், எழுந்து போகலாம். அப்படி நடந்தாலும், உங்கள் கணவர் அத்தனை பேர் முன்னிலையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்பது நடந்துவிட்டிருக்கும். அதற்குப் பிறகும் அந்த வீட்டுக்குப் போவதா, விசேஷங்களுக்கு மட்டும் போவதா, அதுவும் வேண்டாமா என்பதை முடிவுசெய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. மன்னித்தே ஆக வேண்டும் என்று நான் யாரையும் வற்புறுத்துவதில்லை.

தூக்கம் பற்றிச் சுருக்கமாக: ஐந்து மணிக்கு எழ வேண்டியவர் இரண்டு மணிக்குத் தூங்கினால் எந்தக் கோபமும் இரட்டிப்பாகும். ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும்; அதையும் கடைசிக் காட்சிக்கு முன் நிறுத்திவிட்டு, மறுநாள் அங்கிருந்து தொடங்குங்கள். கிழங்கு அடைக்கும் இடத்தில் படுக்கப் போகாமல் தப்பிக்க எனக்குத் தெரிந்த வழி இது. நெஞ்சுப் பாரமும் ஒத்திகையும் குறையாவிட்டால் நேரில் ஓர் ஆலோசகரைப் பாருங்கள், அல்லது 14416 என்ற அரசின் டெலி-மனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மகளைப் பொறுத்தவரை, ‘தி க்ளோரி’ கொரியாவிலேயே வயதுவந்தோருக்கான சான்றோடு வந்த தொடர். முடியைச் சுருட்டும் கருவியால் சூடு வைக்கும் காட்சி, 2006இல் சொங்ஜு நகர நடுநிலைப் பள்ளி மாணவி ஒருவருக்கு நேர்ந்ததை நினைவூட்டியதாக அந்நாட்டு ஊடகங்கள் எழுதின. பதின்மூன்று வயதில் அதைப் பார்க்க வேண்டாம். ஏற்கெனவே பார்த்துவிட்டாள் என்றால் திட்டாதீர்கள். “உன் வகுப்பில் இப்படி யாருக்காவது நடக்கிறதா” என்று கேளுங்கள். அவள் என்ன சொல்கிறாள் என்பதைவிட, சொல்வதற்குமுன் எவ்வளவு நேரம் யோசிக்கிறாள் என்பதைக் கவனியுங்கள்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் குறுக்காக ஒன்று கேட்டிருந்தீர்கள்: ‘டெம்ப்டேஷன் ஆஃப் வைஃப்’ தொடரில், கடலில் சாகவிடப்பட்ட மனைவி கண்ணருகே ஒரு மச்சத்தை வைத்துக்கொண்டு வேறு பெயரில் திரும்பி வருகிறாள், கட்டிய கணவனுக்கே அடையாளம் தெரியவில்லை, இதை எப்படி அத்தனை கொரியர்களும் ஒப்புக்கொண்டு பார்த்தார்கள்? அவர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மச்சத்தைக் கேலி செய்து செய்து அது தொடரைவிடப் புகழ் பெற்றுவிட்டது. நானும் சிரித்தேன். ஆனால் உங்கள் கடிதத்துக்குப் பிறகு அந்தக் காட்சி எனக்குக் கொஞ்சம் வேறு மாதிரித் தெரிகிறது. அந்த மனிதர் எத்தனை ஆண்டுகள் அவளோடு ஒரே வீட்டில் இருந்தார், ஒருமுறையாவது முகத்தை நிமிர்ந்து பார்த்திருப்பாரா? உங்கள் கணவரோடு பேசி முடித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த ஒரு பகுதியை மட்டும் அவரையும் உட்காரவைத்துப் பாருங்கள். மச்சம் வரும் இடத்தில் அவரும் சிரிப்பார்.